படை கலைந்த பின்: வட சிலாங்கூர்த் தோட்டங்களும் ஜான்சி ராணிப் படைப் பெண்களும்

1. ஆய்வுப் பொருளும் எல்லையும்

போர் முடிந்து வீடு திரும்பும் படைவீரருக்கு அரசு விடுவிப்புச் சான்றும் ஓய்வூதியமும் மருத்துவமும் தருகிறது. அரசு தராத ஒன்றைப் படைவீரர்கள் தமக்குத் தாமே தேடிக்கொள்கிறார்கள். அதுதான் சங்கம். கூடப் பணியாற்றியவர்களில் யார் நோயில் கிடக்கிறார், யார் துணையின்றித் தவிக்கிறார், யாருடைய பிள்ளை பள்ளிக்குப் போக வழியில்லாமல் நிற்கிறது என்பதை அறிந்து வைத்திருப்பது சங்கமே. பெண் படைவீரருக்கு இத்தகைய சங்கம் இன்னும் தேவை. பொதுவான முன்னாள் படைவீரர் அமைப்புகள் ஆண்களை மனத்தில் வைத்தே எழுந்தவை.

1943 முதல் 1945 வரை மலாயாத் தமிழ்ப் பெண்கள் நூற்றுக்கணக்கில் ஒரு படையில் பணியாற்றினர். அது ஜப்பானியர் துணையுடன் பிரிட்டிஷ் ஆட்சியை எதிர்த்த இந்திய தேசிய இராணுவத்தின் ஜான்சி ராணிப் படை. அப்படையிலிருந்து வந்த பெண்கள் சிலர் பின்னாளில் மலேசியாவின் பெண்கள் இயக்கத்துக்கே தலைமை தாங்கினர். ஆனால் தம்முடன் அணிவகுத்து நின்ற தோட்டத்துத் தோழியரைத் தாங்கும் சங்கமாக அப்படை நிலைபெறவில்லை. இதற்குத் தலைவியரின் மனமின்மை காரணம் அன்று. அரசின் புறக்கணிப்பு, தோட்ட அமைப்பின் இறுக்கம், பெயர்ப்பட்டியல் இன்மை ஆகிய மூன்றும் சேர்ந்தே அதைத் தடுத்தன என்பது இக்கட்டுரையின் கருத்து.

கோல சிலாங்கூர் மாவட்டமும் உலு சிலாங்கூர்த் தோட்டப் பகுதியும் இவ்வாய்வின் களம். இங்கு வாழ்ந்த தோட்டப் பெண்ணின் நிலையிலிருந்து அப்படையின் பின்வாழ்வைப் பார்ப்பதே நோக்கம்.

2. களம்: போருக்கு முந்தைய தோட்டம்

2.1 உழைப்பும் கூலியும்

கோல சிலாங்கூர் மலேசியத் தோட்டத் தொழில் வரலாற்றில் தனி இடம் பெற்ற மாவட்டம். நாட்டின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டம் 1917இல் இம்மாவட்டத்தின் தென்னமாரம் தோட்டத்தில்தான் உருவானது. அதற்கு முன்பே சிலாங்கூர் ஆற்றை ஒட்டி ரப்பர் தோட்டங்கள் பரவியிருந்தன. பத்தாங் பெர்ஜுந்தை, ஈஜோக், புக்கிட் ரோத்தான் என்று நீளும் இவ்வட்டாரத்தின் தோட்டங்கள் தமிழகத்திலிருந்து வந்த குடும்பங்களின் உழைப்பால் நின்றவை.

அந்த உழைப்பில் பெரும் பங்கு பெண்ணுடையது. விடியுமுன் எழுந்து சமைத்து, கைக்குழந்தையை ஆயாக் கொட்டகையில் விட்டு, பெரட்டில் (காலை வருகைப் பதிவில்) பெயர் கொடுத்து, நிரைக்கு (தனக்கு ஒதுக்கிய மர வரிசைக்கு) போய்ப் பால் வெட்டி, மங்குகளில் வழிந்த பாலை வாளியில் சேர்த்து, காண்டாவில் (தோள் காவடியில்) சுமந்து ஸ்டோருக்குக் கொண்டு சேர்ப்பது அவள் அன்றாடம். ஆயினும் 1930களில் ஆண் தொழிலாளிக்கு நாளொன்றுக்கு 50 காசு என்றால் பெண்ணுக்கு 40 காசு என்ற அளவிலேயே கூலி வகுக்கப்பட்டிருந்தது. கூலியில் இருந்த இந்த வேறுபாட்டை நினைவில் கொள்ள வேண்டும். பின்னாளில் படையிலிருந்து வந்த ஒரு பெண் நடத்திய சம ஊதியப் போராட்டத்தின் பொருள் இதனோடு சேர்த்துப் பார்க்கும்போதுதான் விளங்கும்.

2.2 1941ஆம் ஆண்டின் வேலைநிறுத்தம்

1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் தொடங்கிய வேலைநிறுத்தம் சிலாங்கூரில் பரவியது. ஆர். எச். நாதன் முன்னணியில் நின்றார். சீனத் தொழிலாளருக்கு இணையான கூலி, பிள்ளைகளுக்குக் கல்வி, கள்ளுக்கடை மூடல், துரையைக் கண்டால் சைக்கிளை விட்டு இறங்க வேண்டும் என்ற வழக்கத்துக்கு முடிவு ஆகியவை கோரிக்கைகளில் அடங்கும். வெள்ளைத் துரைகளும் தோட்டத்து மேல்மட்ட ஊழியரும் தொழிலாளர் வீட்டுப் பெண்களிடம் முறைகேடாக நடப்பது நிற்க வேண்டும் என்பதும் அப்பட்டியலில் இருந்தது. மே மாதம் நாதன் கைதாகி நாடு கடத்தப்பட்டார். மே 16 அன்று சிலாங்கூரில் அவசரகாலம் அறிவிக்கப்பட்டது. படை வந்தது, துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர்கள் மாண்டனர்.

பெண்ணின் மானத்தைக் கூலியோடு ஒரே தட்டில் வைத்துப் பேசிய கோரிக்கைப் பட்டியல் அது. இரண்டாண்டு கழித்துப் பெண்களுக்கெனத் தனிப்படை என்ற அறிவிப்பு எழுந்தபோது அது வெற்று நிலத்தில் விழவில்லை என்பதற்கு இப்பட்டியலே சான்று.

2.3 போர் வந்த வழி

1942 ஜனவரித் தொடக்கத்தில் ஜப்பானியர் கடல் வழியாகக் கோல சிலாங்கூரில் இறங்க முயன்றனர். பிரிட்டிஷ் தரப்பில் நின்ற இந்தியப் படைப்பிரிவுகள் பத்தாங் பெர்ஜுந்தைப் பகுதியில் அவர்களை எதிர்த்தன. ஜனவரி 7 அன்று சிலிம் ரிவரில் பிரிட்டிஷ் அணி சிதைந்தது. ஜனவரி 11 அன்று கோலாலம்பூர் வீழ்ந்தது. தம் நிரைகளுக்கு நடுவே ஓடிய சாலைகளில் அதுவரை அசைக்க முடியாததாகத் தோன்றிய ஆட்சி பின்வாங்கிப் போவதைத் தோட்ட மக்கள் கண்டனர்.

துரைகள் போனதும் ரப்பர் விற்பனை நின்றது. கூலி நின்றது. அரிசி அரிதாகி மரவள்ளிக்கிழங்கே உணவானது. சயாம் மரண ரயில் பாதைக்கு ஆள் பிடித்தபோது தோட்டத்து ஆண்கள் ஆயிரக்கணக்கில் கொண்டு செல்லப்பட்டனர். பலர் திரும்பவில்லை. லயன் (தொழிலாளர் வரிசை) வீடுகளில் பெண்களும் குழந்தைகளும் முதியவரும் எஞ்சினர்.

3. படை

3.1 தொடக்கம்

சுபாஷ் சந்திர போஸ் 1943 ஜூலை 2 அன்று சிங்கப்பூர் வந்தார். ஜூலை 9 அன்று நடந்த பெருங்கூட்டத்தில் பெண்கள் படை அமைக்கும் எண்ணத்தை வெளியிட்டார். சென்னையில் மருத்துவம் படித்து 1940இல் சிங்கப்பூர் வந்து, ஏழை இந்தியத் தொழிலாளருக்கு மருத்துவம் பார்த்துவந்த டாக்டர் லட்சுமி சுவாமிநாதன் அப்படையை அமைக்கும் பொறுப்பை ஏற்றார். 1943 அக்டோபர் 22 அன்று சிங்கப்பூர் வாட்டர்லூ சாலையில் பயிற்சி முகாம் திறக்கப்பட்டது. அதற்கு முந்தின நாள் அறிவிக்கப்பட்ட சுதந்திர இந்தியத் தற்காலிக அரசில் மகளிர் விவகார அமைச்சராக லட்சுமி இடம்பெற்றார்.

3.2 சேர்ந்தவர்கள்

‘ராணிகள்’ என்று அழைக்கப்பட்ட இப்படையினரில் பெரும்பாலோர் மலாயாத் தோட்டங்களிலிருந்து வந்த தமிழ்ப் பெண்கள். அவர்களில் எழுத்தறியாதவர் மிகுதி. அவர்களோடு நகரத்து ஆங்கிலப் பள்ளி மாணவியரும் சேர்ந்தனர். கோலாலம்பூரைச் சேர்ந்த ஜானகி தேவர், போஸின் பேச்சைக் கேட்கச் சைக்கிளில் போய், அணிந்திருந்த நகைகளைக் கழற்றிக் கொடுத்துவிட்டு வந்தவர். ஈப்போவின் ராசம்மா நவரத்தினம் (பின்னாளில் ராசம்மா பூபாலன்) பதினாறு வயதில் தம் அக்காளோடு சேர்ந்தார்.

தோட்டப் பெண் சேர்ந்ததற்குக் காரணம் ஒன்றல்ல. நாட்டுப் பற்று உண்டு. 1941இல் மிதிபட்டதன் வலி உண்டு. பசியும் உண்டு, முகாமில் சோறு கிடைக்கும். ஆண்துணை போன பின் ஜப்பானியர் கண்ணில் பட்டுவிடுவோமோ என்ற அச்சமும் உண்டு. பசி ஒரு காரணம் என்று சொல்வதால் அவள் வீரம் குறைந்துவிடாது. உலகெங்கும் ஏழை வீட்டு ஆண்கள் படையில் சேர்ந்ததும் இதே காரணங்களால்தான். அவர்களை எவரும் குறைத்துப் பேசுவதில்லை.

3.3 படை தந்தவை

சீருடை, துப்பாக்கிப் பயிற்சி, அணிவகுப்பு, செவிலியர் பயிற்சி, ரோமன் எழுத்தில் இந்துஸ்தானி ஆகியவை முகாமின் பாடங்கள். 1944இல் ஒரு பகுதியினர் பர்மா சென்றனர். இம்பால் போர்முனையில் இறங்கும் வாய்ப்பு அவர்களுக்கு வரவில்லை. மேமியோவில் காயமுற்ற வீரரைப் பேணினர், குண்டுவீச்சைத் தாங்கினர். 1945 ஏப்ரலில் ரங்கூனிலிருந்து பின்வாங்கியபோது ஜானகி தேவர் ஓர் அணியை நடத்திவந்தார். அப்பின்வாங்கலில் ரயிலில் வந்த பிரிவினர் தாக்கப்பட்டு ஸ்டெல்லா, ஜோசபின் என்ற இருவர் உயிரிழந்தனர்.

இவற்றைவிட ஆழமான ஒன்றையும் முகாம் தந்தது. சாதி பாராமல் ஒரே பந்தியில் உண்டனர். தோட்டத்தில் கிராணி (எழுத்தர்) வீட்டுப் பெண்ணும் பால்வெட்டும் பெண்ணும் சமமாக நிற்க வழியில்லை. முகாமில் ஒரே வரிசையில் நின்றனர். பெண்ணே கட்டளையிட்டாள், பெண்ணே நிறைவேற்றினாள். படை கலைந்த பின் உடைந்துபோனது இந்தச் சமநிலையே.

4. இரு பாதைகள்

4.1 அமைப்பு கட்டியவர்கள்

படிப்பும் நகர வாழ்வும் வாய்த்தவர்கள் முகாமில் கற்ற ஒழுங்கைப் பொதுவாழ்வுக்குக் கொண்டுவந்தனர். ஜானகி தேவர் 1946இல் மலாயா இந்தியர் காங்கிரஸ் தொடங்கியபோது அதன் தொடக்க உறுப்பினருள் ஒருவராக நின்றார். ஆதி நாகப்பனை மணந்து ஜானகி ஆதி நாகப்பன் என அறியப்பட்ட அவர் பின்னாளில் செனட்டராகவும் பணியாற்றினார். 2000இல் இந்திய அரசு அவருக்குப் பத்மஸ்ரீ வழங்கியது. 2014இல் மறைந்தார்.

ராசம்மா பூபாலன் ஆசிரியரானார். 1960இல் பெண் ஆசிரியர் சங்கத்தைத் தொடங்கி அதன் தலைவராக நின்று, ஒரே வேலை செய்யும் ஆசிரியைக்கும் ஆசிரியருக்கும் ஒரே ஊதியம் வேண்டும் என்று போராடினார். அரசுப் பணியில் சம ஊதியம் அந்தப் பத்தாண்டில் படிப்படியாகக் கைகூடியதில் அவர் பங்கு பெரிது. 1963இல் உருவான தேசியப் பெண்கள் அமைப்புகளின் மன்றத்தில் அவர் தொடக்கப் பொதுச் செயலாளர். ஒய்.டபிள்யூ.சி.ஏ.யின் தொழிற்பயிற்சி மையத்தின் வழியே வறிய குடும்பத்துப் பெண்களுக்குக் கைத்தொழில் கற்பிக்கும் பணியிலும் ஈடுபட்டார்.

இந்தியாவில் லட்சுமி சுவாமிநாதன் (மணத்துக்குப் பின் லட்சுமி சேகல்) கான்பூரில் ஏழைகளுக்கு மருத்துவம் பார்த்தார். 1981இல் அனைத்திந்திய ஜனநாயக மாதர் சங்கம் உருவானபோது முன்னணியில் நின்றார். 2002இல் குடியரசுத் தலைவர் தேர்தலில் போட்டியிட்டார். 2012இல் மறையும் வரை பொதுப்பணியை விடவில்லை.

இம்மூவர் பணியும் எல்லாப் பெண்களுக்குமானது. அதன் பயன் தோட்டத்துப் பெண்ணின் மகளுக்கும் எட்டியது. பெண் படைவீரர் தலைமையில் பெண்களைத் தாங்கும் அமைப்பு நம்மிடையே இருந்ததா என்று கேட்பவருக்கு இதுவே முதல் விடை.

4.2 தோட்டத்துக்குத் திரும்பியவர்கள்

1945இல் படை கலைந்ததும் தோட்டப் பெண்ணுக்குப் போக இருந்த இடம் அவள் விட்டுவந்த லயன் வீடுதான். அதே நிரை, அதே காண்டா. திரும்பிவந்த துரைகளின் கண்ணில் அவள் எதிரிப் படையைச் சேர்ந்தவள். சீருடையைப் பற்றிப் பேசினால் வேலைக்கும் வீட்டுக்கும் ஆபத்து. படையில் இருந்ததைப் பெருமையாகச் சொல்லிக்கொள்ளும் இடமாகத் தோட்டம் இருக்கவில்லை.

பெயர் வெளியே தெரிந்தவர்கள் மிகச் சிலர். கோலாலம்பூரில் வாழ்ந்த அஞ்சலை பொன்னுசாமி 2022இல் 102 வயதில் காலமானபோதுதான் அவர் பெயர் நாளிதழ்களில் பரவலாக இடம்பெற்றது; இந்தியப் பிரதமர் இரங்கல் தெரிவித்தார். ஒடிசாவின் லட்சுமி இந்திரா பாண்டா சிறுவயதில் பர்மாவில் இப்படையில் சேர்ந்தவர். பின்னாளில் வீட்டு வேலை செய்து பிழைத்தார். தகுந்த மதிப்பு கிடைக்க 2008 வரை காத்திருந்து அதே ஆண்டில் மறைந்தார். தலைவியருக்கு விருதுகள் வந்த அதே காலத்தில் அணியில் நின்றவர்கள் தனித்தனியே மூப்படைந்தார்கள். இந்த இடைவெளியை நிரப்பியிருக்கக் கூடியது சங்கம் ஒன்றே.

5. சங்கம் நிலைபெறாமைக்கான காரணங்கள்

5.1 சட்டநிலை

பிரிட்டிஷ் ஆட்சி இந்திய தேசிய இராணுவத்தைப் படையாக ஏற்கவில்லை. எனவே விடுவிப்புச் சான்றுக்கு மதிப்பில்லை, ஓய்வூதியமும் இல்லை. இந்திய அரசு 1972இல் விடுதலைப் போராட்ட வீரர் ஓய்வூதியத் திட்டத்தைத் தொடங்கியது. இந்திய தேசிய இராணுவத்தினரும் அதில் இடம்பெற்றனர். ஆனால் சிறைவாசம் முதலான சான்றுகளோடு விண்ணப்பிப்பவருக்கான திட்டம் அது. மலாயாவில் தங்கிவிட்ட எழுத்தறியாத பெண்ணைத் தேடிவரும் ஏற்பாடு அதில் இல்லை. மலேசியாவின் 2012ஆம் ஆண்டுப் படைவீரர் சட்டமோ நாட்டின் சொந்தப் படைகளில் பணியாற்றியோருக்கானது. இரு நாடுகளின் சட்டங்களுக்கும் இடையே தோட்டத்து ராணி விடுபட்டுப் போனாள்.

5.2 அவசரகாலம்

போருக்குப் பின் முன்னாள் படையினர் தொழிற்சங்கங்களிலும் தொண்டர் படைகளிலும் சேர்ந்தனர். கெடாவில் எழுந்த தொண்டர் படை அணிவகுப்பையும் ஒழுக்கத்தையும் தோட்டத்துக்குள் கொண்டுவந்து கள்ளுக்கடைகளை எதிர்த்தது. 1948 ஜூனில் அவசரகாலம் வந்தது. அகில மலாயாத் தொழிற்சங்கக் கூட்டமைப்பு தடை செய்யப்பட்டது. இந்திய தேசிய இராணுவத்தில் பணியாற்றியவரும் அக்கூட்டமைப்பின் தலைவருமான எஸ். ஏ. கணபதி, ரவாங் அருகே ஒரு தோட்டத்தில் பிடிபட்டு 1949 மே 4 அன்று புடு சிறையில் தூக்கிலிடப்பட்டார். வட சிலாங்கூர்த் தோட்டங்களின் வாசலிலேயே நிகழ்ந்த கைது இது. துப்பாக்கிப் பயிற்சி பெற்ற பெண்கள் ஒன்றுகூடிச் சங்கம் அமைக்க அதைவிட மோசமான காலம் இருந்திருக்க முடியாது.

5.3 தோட்ட அமைப்பு

தோட்டம் தனித்தனித் தீவாகவே இயங்கியது. வீடும் கடைக்கணக்கும் பள்ளியும் நிர்வாகத்தின் கையில். வேலை போனால் வீடும் போகும். வெளியார் உள்ளே வந்து கூட்டம் போட நிர்வாகத்தின் இசைவு வேண்டும். ஈஜோக் பக்கத்துத் தோட்டத்தில் இருப்பவள் உலு சிலாங்கூரில் இருக்கும் தன் தோழியைத் தேடிப்போகப் பணமும் நாளும் வேண்டும். கடிதம் எழுத எழுத்து வேண்டும். பின்னர் தோட்டங்கள் துண்டாடப்பட்டன. 1969க்குப் பின் குடியுரிமை இல்லாதோர் வேலை அனுமதிச் சிக்கலால் இந்தியா திரும்பினர். ரப்பர் செம்பனையாகவும், தோட்டம் வீடமைப்புப் பகுதியாகவும் மாறியபோது குடும்பங்கள் சிதறின. பத்தாங் பெர்ஜுந்தை என்ற பெயரே 2007இல் பெஸ்தாரி ஜெயா என்று மாறியது. முகவரிகள் ஒருமுறை அல்ல, பலமுறை அழிந்தன.

5.4 பெயர்ப்பட்டியல் இன்மை

இப்படையில் எத்தனை பேர் இருந்தனர் என்பதிலேயே ஆய்வாளர் ஒத்துப்போவதில்லை. ஜாய்ஸ் லெப்ரா 2008இல் வெளியிட்ட நூல் ஆயிரம் அளவில் சொல்கிறது. வேரா ஹில்டபிராண்டு 2016இல் வெளியிட்ட நூல் ஐந்நூறுக்கும் குறைவு என்று வாதிடுகிறது. மேலும் நூற்றுக்கணக்கான பெண்கள் இருந்தார்களா இல்லையா என்று ஐயுறும் அளவுக்குப் பதிவு நலிந்திருக்கிறது. தலைவியரின் பெயரும் படமும் வாழ்க்கை வரலாறும் கிடைக்கின்றன. கரைந்தவை தோட்டப் பெண்களின் பெயர்கள். யாருக்கு உதவுவது என்று தெரியாமல் உதவிச் சங்கம் நடத்த முடியாது. ஏனைய தடைகள் காலப்போக்கில் தளர்ந்தன. இத்தடை மட்டும் காலம் செல்லச் செல்ல இறுகியது.

6. ஒப்பீடு: அமெரிக்கப் பெண் விமானிகள்

அதே போரில் அமெரிக்காவில் 1,074 பெண்கள் பயிற்சி முடித்துப் படை விமானங்களை ஓட்டினர். 38 பேர் பணியில் உயிரிழந்தனர். ஆயினும் அரசு அவர்களைப் படையினராக ஏற்கவில்லை. 1944 டிசம்பரில் பிரிவு கலைக்கப்பட்டது. ராணிகளைப் போலவே அவர்களும் படைவீரர் என்ற தகுதியின்றி வீடு திரும்பினர்.

ஆனால் கலையும்போதே அவர்கள் தமக்கென ஃபிஃபினெல்லா என்ற பெயரில் ஒரு சங்கம் அமைத்துக்கொண்டனர். முகவரிகளைத் திரட்டினர், ஒருவரோடு ஒருவர் தொடர்பை விடவில்லை. முப்பது ஆண்டுகள் கழித்து உரிமைப் போராட்டம் சூடு பிடித்தபோது ஒரே அழைப்பில் திரள அவர்களால் முடிந்தது. ஒரு பெண் விமானி பாதுகாத்து வைத்திருந்த விடுவிப்புச் சான்று நாடாளுமன்ற விசாரணையில் வலுவான ஆதாரமானது. 1977இல் முன்னாள் படைவீரர் என்ற தகுதி கிடைத்தது. 2010இல் நாடாளுமன்றத்தின் தங்கப் பதக்கமும் வழங்கப்பட்டது.

இவ்வொப்பீடு இரண்டைத் தெளிவாக்குகிறது. முதலாவது, அரசின் ஏற்பு சங்கத்துக்கு முன்நிபந்தனை அன்று. சங்கமே அரசை ஏற்கவைத்தது. இரண்டாவது, அச்சங்கத்தைப் பணியாற்றிய பெண்களே நடத்தினர். எந்தச் சான்று எவரிடம் இருக்கும், எந்தத் துயரை எவள் வாய்விட்டுச் சொல்லமாட்டாள் என்பது உடன் நின்றவளுக்கே தெரியும். அவ்விமானிகளுக்குக் கல்வியும் அஞ்சல் முகவரியும் பேச்சுரிமையும் இருந்தன. நம் தோட்டப் பெண்ணுக்கு இம்மூன்றும் மறுக்கப்பட்டன. எனவே சங்கம் எழாததன் பொறுப்பை அவள் மீது ஏற்றுவது அநீதி.

7. இனிச் செய்யத்தக்கவை

முதல் பணி பெயர்ப்பதிவு. 1943இல் பதினைந்து வயதில் சேர்ந்த பெண்ணுக்கு இன்று தொண்ணூற்றைந்துக்கு மேல் ஆகியிருக்கும். ஆகவே இப்பணி இனி மகள்களையும் பேத்திகளையும் தேடிச் செல்ல வேண்டியது. பெஸ்தாரி ஜெயா, ஈஜோக், உலு சிலாங்கூர் தமிழ்ப்பள்ளிகளிலும் கோயில் நிர்வாகங்களிலும் தொடங்கி, தோட்டம் தோட்டமாக விசாரித்து, இறந்தவர் பெயரையும் சேர்த்து எழுத வேண்டும். சிங்கப்பூர் தேசிய ஆவணக் காப்பகத்தின் வாய்மொழி வரலாற்றுப் பதிவுகளையும் படங்களையும் உள்ளூர் நினைவோடு ஒப்பிட வேண்டும்.

இரண்டாவது, தலைமை. மலேசிய ஆயுதப் படைகளில் பணியாற்றி ஓய்வு பெற்ற பெண்கள் இன்று நம்மிடையே இருக்கிறார்கள். அவர்களில் தமிழ்ப் பெண்களும் உண்டு. இப்பதிவுக்கு அவர்களே தலைமையேற்பது பொருத்தம். படை வாழ்வை அறிந்தவள் கேட்கும் கேள்விக்கே படை வாழ்வின் விடை கிடைக்கும். ராணிகளின் வழித்தோன்றலைத் தேடும் பணியிலேயே தம் தலைமுறைப் பெண் படைவீரர்களைத் தாங்கும் வலைப்பின்னலையும் அவர்கள் கட்டலாம்.

மூன்றாவது, பயன். பதிவான பெயர் ஒவ்வொன்றும் ஓர் உதவியாக மாற வேண்டும். அக்குடும்பங்களின் பெண்பிள்ளைகளுக்குக் கல்வி உதவியும் தொழிற்பயிற்சியும் கிடைத்தால், ராசம்மா பூபாலன் தொடங்கிவைத்த பணி அவர் தோழியரின் வீடுகளையும் சென்றடையும்.

8. முடிபு

ஜான்சி ராணிப் படை இந்திய விடுதலை வரலாற்றின் ஒரு பக்கமாகவே பெரும்பாலும் எழுதப்படுகிறது. அதைப் பெண் படைவீரரின் பின்வாழ்வாகப் பார்க்கும்போது வேறொரு பாடம் கிடைக்கிறது. தலைவியர் எத்தகையோராயினும், அணியில் நின்றவர்களின் பெயரும் முகவரியும் காக்கப்படாவிட்டால் தோழமை அமைப்பாக மாறுவதில்லை. பெண்கள் இயக்கத்துக்கு மூன்று பெரும் தலைவியரைத் தந்த படை, பால்வெட்டும் பெண்ணை அவள் விட்டுவந்த நிரைக்கே அனுப்பிவைத்தது. அந்தக் கடன் இன்னும் தீரவில்லை. அதைத் தீர்க்கும் பொறுப்பு வட சிலாங்கூரில் பிறந்து, படித்து, பட்டமும் பதவியும் பெற்ற நம் தலைமுறையுடையது. குறிப்பாகச் சீருடை அணிந்து திரும்பிய நம் பெண்களுடையது.